நைட்டிக்குத் தடை போட்ட தெரு

போன மாதம் விழுப்புரத்தில் ஒரு ஜவுளிக் கடையில் அப்பா நைட்டி வாங்கினார். வாங்கியதில் ஒன்றும் தப்பில்லை. அவர் வாங்கிய விதத்தைப் பார்த்துத்தான் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

அம்மாவுக்கு வலது கையும் காலும் இழுத்துக்கொண்டு, முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு நாள் படுத்திருந்தாள். புடவையெல்லாம் கட்டிவிட முடியாது, நைட்டி கொண்டு வாங்க என்று முதல் நாளே நர்ஸ் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அம்மாவுக்கு நைட்டிதான். அவசரத்துக்கு வாங்கிய இரண்டும் துவைத்துத் துவைத்து நைந்து போனதால், இன்னும் மூன்று வாங்கலாம் என்று அப்பாவையும் கூட்டிக்கொண்டு போயிருந்தேன்.

கடைப்பெண் எடுத்துப் போட்ட நைட்டிகளை அப்பா ஒவ்வொன்றாக விரித்தார். உள்பக்கம் திருப்பித் தையலை விரலால் தடவினார். "ஜிப்பு முன்னாடி வச்சது எடும்மா. தலை வழியா மாட்டுனா அவளுக்குக் கை தூக்க வராது. காட்டன்தானே? போன தடவ எடுத்தது ரெண்டு துவைப்புக்குள்ள சாயம் போயிடுச்சு" என்றார். கடைப்பெண் என்னைப் பார்த்துச் சிரித்து, "சாருக்கு எல்லாம் தெரியுதே" என்றது. அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. பக்கத்தில் நின்ற இன்னொரு கிழவருக்கும் எந்தத் துணி சுருங்கும், எது சுருங்காது என்று விளக்கம் சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

நான் வாயைத் திறந்தபடி நின்றிருந்தேன். திண்டிவனத்தில் ஒரு தெருவையே நைட்டிக்கு எதிராகத் திரட்டிய மனிதர் ஐயா இவர்! தீர்மானம் எழுதி, கையெழுத்து வாங்கி, பண்பாட்டைக் காப்பாற்றிய செயலாளர்.

பஸ்ஸில் வரும்போது மெல்லக் கேட்டேன். "ஏம்பா, நம்ம தெருவுல நைட்டி போட்டுக்கினு வரக்கூடாதுன்னு போர்டு வச்சோமே, ஞாபகம் இருக்குதா?"

அப்பா பையை மடியில் வைத்துக்கொண்டு யோசித்தார். "போர்டா? இன்னா போர்டு? கொழா தண்ணிக்கு ஒரு போர்டு இருந்துச்சு. நைட்டிக்கு ஏது போர்டு? சின்னப் புள்ளைல ஏதாச்சும் கனா கண்டிருப்ப."

அவர் பொய் சொல்லவில்லை. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது, நிஜமாகவே மறந்துவிட்டார். கடையில் வந்ததைவிடப் பெரிய அதிர்ச்சி எனக்கு இதுதான். எப்படி மறக்க முடிகிறது? எனக்கு ஓர் எழுத்துகூட மறக்கவில்லை. மறக்காததற்குக் காரணம், அந்தப் போர்டில் இருந்ததெல்லாம் என் கையெழுத்து.

அப்போது நான் ஐந்தாம் வகுப்பு. அப்பா மல்லாட்டை கமிட்டியில், அதாவது வேர்க்கடலை மார்க்கெட்டில், எடை போடும் வேலையில் இருந்தார். கிராமங்களிலிருந்து வரும் மூட்டைகளைத் தராசில் ஏற்றி இறக்கிப் பகலெல்லாம் எடையைச் சொல்லிக் கத்திவிட்டு, சாயந்திரம் வீட்டுக்கு வந்து குளித்துச் சட்டை மாற்றினார் என்றால் தெரு நலச் சங்கத்தின் செயலாளர் ஆகிவிடுவார். தலைவர் எங்கள் எதிர்வீட்டுக்காரர், ஓய்வு பெற்ற சர்வேயர். தெருவில் இருந்தது மொத்தம் இருபத்திரண்டு வீடு, ஒரு பிள்ளையார் கோயில், ஒரு குழாய். குழாய்க்குப் பக்கத்தில் சங்கத்தின் கரும்பலகை. தண்ணீர் எப்போது வரும், கரண்டு எப்போது போகும் என்பதெல்லாம் அதில் எழுதப்படும். அப்பா சொல்லச் சொல்ல, முக்காலி மேல் ஏறி நின்று நான் எழுதுவேன். பள்ளிக்கூடத்தில் கையெழுத்துக்குப் பரிசு வாங்கியவள் நான். தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்து, "அச்சடிச்ச மாதிரி இருக்குதே" என்பார்கள். எனக்குத் தலைகால் புரியாது.

இப்படி இருந்த தெருவில், பதினான்காம் நம்பர் வீட்டுக்கு ஓர் அக்கா குடிவந்தது. புருஷன் லாரி ஓட்டுகிறவர், மாதத்தில் பாதி நாள் ஊரில் இருக்கமாட்டார். குடிவந்த மறுநாள் காலையில் அந்த அக்கா சிவப்பு நைட்டி போட்டுக்கொண்டு, இரண்டு கையிலும் குடத்தோடு குழாயடிக்கு வந்து வரிசையில் நின்றது.

அடேயப்பா! அன்றைக்குக் குழாயடியில் தண்ணீர் பிடித்தவர்கள் யாருக்கும் குடம் நிறைந்தது தெரியவில்லை. முதலில் கொதித்தது ஆம்பிளைகள் என்று நினைத்தால் அது தப்பு. எங்கள் அம்மாதான் வீட்டுக்கு வந்து குடத்தை இறக்கி வைக்கிறதுக்குள் அப்பாவிடம் சொன்னாள். "படுக்கும்போது போடுறத போட்டுக்கினு பட்டப்பகல்ல தெருவுல நிக்குது அது. நீங்கள்லாம் ஒரு சங்கம் வச்சிக்கினு இன்னாதான் பண்றீங்க?"

ஞாயிற்றுக்கிழமை பிள்ளையார் கோயிலில் கூட்டம் போட்டார்கள். ஆம்பிளைகள் உட்கார்ந்திருந்தார்கள், பொம்பளைகள் பின்னால் நின்றார்கள், நான் தீர்மான நோட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். கேபிள் டிவி வந்ததிலிருந்துதான் எல்லாம் கெட்டது என்றார் ஒருவர். ஆயிரமாயிரம் வருஷமாக நம் பெண்கள் சேலைதான் கட்டுகிறார்கள் என்றார் இன்னொருவர். "இன்னிக்கு இத வுட்டா நாளைக்கு நம்ம வீட்டுலயும் ஆரம்பிச்சிடுவாங்க" என்று மூன்றாமவர் சொன்னபோது எல்லாரும் நிஜமாகவே பயந்துபோனார்கள். தலைவர் வாக்கிங் போய்விட்டு நேராக வந்திருந்ததால் அரைக்கால் டிராயரில் இருந்தார். மற்றவர்களில் பாதிப்பேர் அன்றைக்குக் காலையில்தான் அதே குழாயடியில் இடுப்பில் ஒரு துண்டைச் சுற்றிக்கொண்டு குளித்திருந்தார்கள். அதை இதோடு சேர்த்து யோசிக்க ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான் தோன்றவில்லை.

தடை என்று முடிவாகிவிட்டது. மீறினால் என்ன செய்வது என்பதில்தான் இழுபறி. பேரைப் போர்டில் எழுதிவிடலாம் என்று அப்பா சொன்னார். தலைவர் காதைப் பொத்திக்கொண்டார். "பொம்பளைங்க பேர ரோட்டுல எழுதறதா? அது நம்ம பண்பாடு இல்லிங்களே!" அதுவும் சரிதான் என்று எல்லாரும் தலையாட்டினார்கள். கடைசியில் பேருக்குப் பதிலாகக் கதவு நம்பரை எழுதுவது என்று தீர்மானம் ஆயிற்று.

மறுநாள் எழுதினேன். 'நமது தெருவில் பெண்கள் நைட்டி அணிந்து வெளியே வருதல் கூடாது. பண்பாடு காப்போம். மீறும் வீடுகள்:' அதற்குக் கீழே ஒரு கோடு. சுற்றிலும் ரோஸ் சாக்பீஸில் பூவும் கொடியும் போட்டேன். இரண்டு நாள் கழித்து, கோட்டுக்குக் கீழே 14 என்று எழுதினேன். அந்த அக்கா குடத்தோடு வந்து நின்று பார்த்தது. கோபப்படும் என்று நினைத்தேன். "நல்லாதான் எழுதுற. என் நம்பருக்கும் ரெண்டு பூ போடறதுதானே!" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டது.

அடுத்த நாள் அது நைட்டி மேல் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு வந்தது. தெரு குழம்பிப் போயிற்று. துண்டு போட்டால் அது நைட்டியா, இல்லையா? மறுபடியும் கூட்டம். துண்டு தாவணி மாதிரிதானே, போனால் போகிறது என்று இரண்டு பேர் இளகினார்கள். அப்பா ஒப்புக்கொள்ளவில்லை. "துண்ட எடுத்தா நைட்டிதானே?" என்று கேட்டார். சேலையை எடுத்தால் என்ன இருக்கும் என்று யாரும் திருப்பிக் கேட்கவில்லை. துண்டு செல்லாது என்று தீர்மான நோட்டில் ஏறியது. இன்றைக்கு இந்த ஜில்லாவில் எந்தத் தெருவில் நின்று பார்த்தாலும் பால் வாங்கவும் குப்பை கொட்டவும் நைட்டி மேல் துண்டோடுதான் பெண்கள் வருகிறார்கள். அதற்காக ஒரு முழுக் கூட்டம் நடந்தது என்று சொன்னால் என் பெண் விழுந்து விழுந்து சிரிக்கிறாள். நானும் அவளோடு சேர்ந்து சிரித்துவிட்டு, அதற்கு மேல் சொல்லாமல் நிறுத்திக்கொள்கிறேன்.

அந்தச் சமயத்தில்தான் சித்தி தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்தாள். அம்மாவின் ஒரே தங்கை. தாய் வீடு என்று சொல்லிக்கொள்ள அவளுக்குத் தாய் இல்லாததால் அக்கா வீடுதான் தாய் வீடு. பாண்டிச்சேரியிலிருந்து சித்தப்பா கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார். வயிறு பெருத்தவளுக்குச் சௌகரியமாக இருக்கட்டும் என்று புது நைட்டி இரண்டு வாங்கிக் கொடுத்திருந்தார். ஒன்று நீலத்தில் மஞ்சள் பூப்போட்டது. அம்மா அதைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்தாள். "ஊட்டுக்குள்ள எத வேணா போட்டுக்க. வாசப்படிய மட்டும் தாண்டிடாத. உங்க மாமாதான் செயலாளரு" என்றாள்.

எனக்கு அந்த நீல நைட்டி ரொம்பப் பிடிக்கும். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் சித்தியின் வயிற்றில் காதை வைத்துப் படுத்துக்கொள்வேன். உள்ளே இருந்து உதைக்கிறது என் கன்னத்தில் தெரியும். "பேரு நீதான் வைக்கணும் பாப்பா. ஆம்பளைக்கு ஒண்ணு, பொம்பளைக்கு ஒண்ணு யோசிச்சு வை" என்பாள். ஒன்றா? கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் பதினெட்டுப் பேர் எழுதி வைத்திருந்தேன். எல்லாமே முத்து முத்தான எழுத்தில்.

பௌர்ணமி அன்றைக்கு அம்மா திருவக்கரைக்குக் கிளம்பினாள். தங்கச்சிக்கு நல்லபடியாகப் பிரசவம் ஆகவேண்டும் என்று வக்ரகாளியம்மனுக்கு வேண்டுதல். தெருவில் இருந்து இன்னும் ஏழெட்டுப் பொம்பளைகள் கூடப் போனார்கள். டாக்டர் சொன்ன தேதிக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது. சனிக்கிழமை ஆனதால் எனக்குப் பள்ளிக்கூடம் இல்லை. அப்பா கமிட்டிக்குப் போய்விட்டார். மல்லாட்டை வந்து குவிகிற காலம்.

மூன்று மணி இருக்கும். சித்தி கூப்பிட்டாள். போய்ப் பார்த்தால் தரையெல்லாம் தண்ணீர். சொம்பைத் தட்டிவிட்டாள் என்று நினைத்து நான் துணியை எடுத்து வந்து துடைக்க உட்கார்ந்தேன். "தொடைக்காத கண்ணு. ஓடிப் போய் ஆட்டோ கூட்டினு வா. ஜல்தி" என்றாள். அவள் குரல் மாறியிருந்தது. ஓடினேன்.

தெருவில் அப்போது குழாய் மாற்றுவதற்காக நீளப் பள்ளம் தோண்டிப் போட்டிருந்தார்கள். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் பள்ளத்தின் மேல் இரண்டிரண்டு பனஞ்சட்டம். ஆட்டோ உள்ளே வர வழியில்லை. தெருமுனையில் இருந்த ஆட்டோக்காரர், "நடத்திக் கூட்டினு வாம்மா, நான் இங்கியே வண்டிய திருப்பி வைக்கிறேன்" என்றார். திரும்பி ஓடிவந்தேன்.

சித்தி வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். முகமெல்லாம் வேர்வை. நீல நைட்டி. ஒரு காலைத் தூக்கி வாசப்படிக்கு வெளியே வைக்கப் போனாள்.

நான் குறுக்கே நின்றேன். "சித்தி, சேலை" என்றேன்.

"இன்னாடி?"

"நைட்டியோட வரக்கூடாது சித்தி. போர்டுல போட்டிருக்குது."

"வலி தாங்கல கண்ணு. வழி வுடு."

நான் அவளைக் கையால் உள்ளே தள்ளி, நானும் உள்ளே வந்து கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன். ஆமாம், நான்தான் போட்டேன். இதுவரை இதை ஒருவரிடமும் சொன்னதில்லை. தாழ்ப்பாளுக்கு முன்னால் முதுகைக் கொடுத்து நின்றுகொண்டேன். என் மனசில் ஓடியது ஒன்றே ஒன்றுதான். சித்தி இப்படியே போனால் சாயந்திரம் எங்கள் வீட்டு நம்பரை நானே அந்தப் போர்டில் எழுதவேண்டி வரும். அப்பா தலை நிமிர முடியாது.

சித்தி கதவில் கை ஊன்றி மூச்சு வாங்கினாள். "துண்டு போட்டுக்கினு வரேன்டி" என்றாள்.

"துண்டு செல்லாதுன்னு தீர்மானம் போட்டாச்சு சித்தி" என்றேன்.

ஐயோ, அந்தக் குரல்! எனக்கு இப்போது நாற்பது வயது தாண்டிவிட்டது. அந்தக் குரல் என்னுடையதுதான் என்பதை இன்னும் மறக்க முடியவில்லை. அழவில்லை, கெஞ்சவில்லை, வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி சொன்னேன். சித்தி என்னை ஓர் அறை அறைந்திருக்கலாம். பிடித்துத் தள்ளியிருந்தால் நான் மூலையில் போய் விழுந்திருப்பேன். ஏன் செய்யவில்லை என்று எத்தனையோ முறை யோசித்துவிட்டேன். ஒரு குழந்தையோடு வாதாடிக்கொண்டிருக்க நேரமில்லை என்று நினைத்தாளோ, அக்கா புருஷன் வீட்டில் இருந்துகொண்டு அவர் மானத்தை வாங்கக்கூடாது என்று நினைத்தாளோ. கொடியில் கிடந்த அம்மாவின் புடவையை இழுத்து நைட்டி மேலேயே சுற்ற ஆரம்பித்தாள்.

நடுவில் இரண்டு தடவை பீரோவைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டாள். நான் கொசுவம் மடித்துக் கொடுத்தேன். பள்ளிக்கூட ஆண்டுவிழாவுக்குக் கட்டிப் பழகியிருந்ததால் எனக்கு அது தெரியும் என்று நினைப்பு. மடிப்பு ஒன்றுபோல் வரவேண்டும் என்று, அந்த நேரத்திலும் ஒரு தடவை பிரித்து மறுபடி மடித்தேன். பிறகு தாழ்ப்பாளைத் திறந்தேன்.

சித்தி என் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். பனஞ்சட்டத்தின் மேல் இரண்டாவது அடி வைக்கும்போது நான் செருகிய கொசுவம் அவிழ்ந்து காலடியில் சரிந்தது. அதையே மிதித்தாள். என் தோளில் இருந்த கை விலகியது மட்டும் தெரிந்தது. வயிறு சட்டத்தின் விளிம்பில் மோத, பக்கவாட்டில் பள்ளத்துக்குள் விழுந்தாள்.

சத்தம் கேட்டுத் திறந்தது ஒரு கதவுதான். பதினான்காம் நம்பர். அந்த அக்கா சிவப்பு நைட்டியில், கையெல்லாம் கேப்பை மாவோடு, மேலே துண்டுகூட இல்லாமல் ஓடிவந்து பள்ளத்தில் குதித்தது. ஆட்டோக்காரரும் ஓடிவந்தார். இரண்டு பேருமாகச் சித்தியைத் தூக்கி மேலே ஏற்றினார்கள். புடவை முழுக்க அவிழ்ந்து சேற்றில் கிடந்தது. சித்தியை ஏறக்குறையத் தூக்கிக்கொண்டே அக்கா தெருமுனைவரை போயிற்று. "உங்கப்பாவ இட்டுனு வாடி, ஓடு!" என்று என்னைப் பார்த்துக் கத்தியது. இவ்வளவுக்கும் பிறகு சித்தி தெருவைக் கடந்தது அந்த நீல நைட்டியில்தான். நான் அப்பாவைக் கூப்பிட ஓடுவதற்கு முன்னால் பள்ளத்தில் இறங்கி அம்மாவின் புடவையை எடுத்து, மண்ணைத் தட்டி, மடித்து வாசலில் வைத்தேன்.

ஆண் குழந்தை. அழவேயில்லை என்று அம்மா மறுநாள் வந்து சொன்னாள். விழாமல் இருந்திருந்தால் பிழைத்திருக்குமா என்று கேட்க எனக்குத் தெரியவில்லை, சொல்லவும் யாரும் இல்லை. பள்ளத்தைத் திட்டினார்கள். கண்ணேறு என்றார்கள். திருவக்கரைக்குப் போன நேரம் சரியில்லை என்று அம்மா தன்னையே அடித்துக்கொண்டு அழுதாள்.

ஆஸ்பத்திரியில் சித்தியின் கட்டில் பக்கத்தில் நின்று அம்மா கேட்டாள். "ஏண்டி, அந்த நெலமைல சேலை கட்டிக்கினு கெளம்பச் சொல்லி உன்ன யாருடி கேட்டா?"

நான் கட்டில் கால்மாட்டில் நின்றிருந்தேன். சித்தி என்னைப் பார்க்கவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு, "எனக்கே தோணிச்சுக்கா. மாமா பேரு கெடக்கூடாதுன்னு" என்றாள்.

எனக்கு அப்பாடா என்றிருந்தது. என்னைக் காட்டிக்கொடுக்காமல் காப்பாற்றுகிறாள் என்று நினைத்து நான் நிம்மதி அடையவில்லை, அதுதான் கொடுமை. சித்திக்கே அப்படித் தோன்றியிருக்கிறது, ஆகவே நான் சொன்னது சரிதான் என்றே நினைத்தேன். அடுத்த பிரசவத்துக்குச் சித்தி எங்கள் வீட்டுக்கு வரவில்லை. ஏன் வரவில்லை என்று அம்மா வருஷக்கணக்காகப் புலம்பினாள். சித்தி ஒரு காரணமும் சொல்லவில்லை. இப்போதும் வாரம் ஒரு தடவை வீடியோவில் அம்மாவைப் பார்க்கக் கூப்பிடுகிறாள், நைட்டி மேல் துண்டோடு. அம்மாவும் நைட்டியில் இருப்பாள். அப்பா போனைப் பிடித்துக்கொண்டு நடுவில் நிற்பார். நான் அடுப்படியில் வேலை இருப்பதுபோல் நகர்ந்துவிடுவேன்.

அந்தத் தடையை எப்போது எடுத்தார்கள் என்று கேட்டால், எடுக்கவேயில்லை. இரண்டு மூன்று வருஷத்தில் ஒவ்வொரு வீடாக மாறிற்று. தலைவர் சம்சாரம் மூட்டு வலிக்குச் சௌகரியம் என்று போட ஆரம்பித்த பிறகு எவரும் வாயைத் திறக்கவில்லை. தீர்மான நோட்டு எங்கேயாவது கிடந்தால், அந்தத் தெருவில் துண்டு இன்னமும் செல்லாது.

சித்தி ஆஸ்பத்திரியில் இருந்தபோது பிள்ளையார் கோயிலில் ஓர் இரங்கல் கூட்டம் நடந்தது. தலைவர் எழுந்து தழுதழுத்தார். "பிரசவ வலியிலயும் சேலை கட்டிக்கினு கெளம்புச்சே, அது பொண்ணு. நம்ம தெருவுக்கே அது ஒரு பாடம்" என்றார். எல்லாரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அப்பா விசும்பி விசும்பி அழுதார். அதைப் போர்டில் எழுதவேண்டும் என்று முடிவாயிற்று. கலைகிற நேரத்தில் தலைவர் இன்னொன்றும் சொன்னார், அன்றைக்குப் பதினான்காம் நம்பர் துண்டுகூட இல்லாமல் தெருவுக்கு வந்தது என்று. அப்பா தயங்கினார். "அந்தப் பொண்ணுதான் தூக்கிக்கினு ஓடுச்சுங்க" என்றார். "அது வேற, இது வேற. சட்டம்னா எல்லாருக்கும் ஒண்ணுதானே, செயலாளரே?" என்றார் தலைவர். அப்பா தீர்மான நோட்டை மூடி வைத்தார். பிறகு என்னைப் பார்த்து, "எழுதிடு" என்றார்.

துண்டு இல்லாததுவரை தெரிந்திருந்தது என்றால், அந்தச் சனிக்கிழமை மூன்று மணிக்குத் தலைவர் எதிர்வீட்டு ஜன்னலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது இந்த வரியை எழுதும்போதுதான் எனக்கு உறைக்கிறது. இத்தனை வருஷம் உறைக்கவில்லை. கதவைத் திறந்துகொண்டு அவர் வெளியே வரவில்லை.

எழுதினேன். ஐந்து கலர் சாக்பீஸில். 'பிரசவ வேதனையிலும் பண்பாடு காத்த சகோதரிக்குத் தெருவின் வணக்கம்.' சுற்றிலும் தாமரைப்பூ. அதற்குக் கீழே கோடு போட்டு, மீறும் வீடுகள்: 14.

ஆறாம் நாள் சித்தி வந்தாள். ஆட்டோ தெருமுனையில் நின்றுவிட்டதால் அம்மா அவளைக் கைத்தாங்கலாக நடத்திக் கூட்டிவந்தாள். சேலை கட்டியிருந்தாள். நான் குழாயடியில் காத்திருந்தேன். போர்டைப் பார்க்கட்டும் என்றுதான் காத்திருந்தேன். சித்தி நின்றாள். மேலே இருந்ததைப் படித்தாள். கீழே இருந்ததைப் படித்தாள். அம்மாவின் கையை விட்டுவிட்டு முந்தானையைச் சுருட்டி எடுத்து, அந்தப் பதினான்கை மட்டும் அழுத்தித் துடைத்தாள். முந்தானையெல்லாம் சாக்பீஸ் தூள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"கையெழுத்து ரொம்ப அழகா இருக்குது பாப்பா" என்றாள்.

எனக்குச் சந்தோஷம் பிடிபடவில்லை. ஆனால் பாவம், சித்திக்குச் சட்டம் தெரியவில்லையே என்றும் இருந்தது. மறுநாள் காலையில் எல்லாருக்கும் முன்னால் எழுந்து, முக்காலியைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்குப் போய், அழிந்திருந்த இடத்தில் 14 என்று மறுபடியும் எழுதினேன். இந்தத் தடவை இரண்டு பக்கமும் பூ போட்டேன்.